சும்மா கிடைத்த ஆற்றல்: பாஸ்கரர் சக்கரம் முதல் வெர்லே வரை

இந்த எபிசோடை வாலாஜாபாத்ல என் ரூம்ல இருந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல லாரி சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, ஒரகடம் பக்கம் போற வண்டிங்க ராத்திரியும் நிக்காது.

போன வருஷம் ஒரு வேலை வந்தது. ஒரு மெஷினுக்கு அடியில வைக்கிற ஸ்பிரிங் எவ்வளவு ஆடும்னு சிமுலேஷன்ல பார்க்கணும். கோட் நானே எழுதினது. ஸ்பிரிங்கை ஒரு தடவை இழுத்து விட்டேன். ஆட்டம் அப்படியே இருக்கணும். ஆனா கூடிக்கிட்டே போச்சு. நான் என்ன பண்ணேன்? டேம்பிங்கை ஏத்திவிட்டேன். கிராஃப் அழகா அடங்கிடுச்சு.

மெயின்டெனன்ஸ் பார்க்கிற ஒரு அண்ணன் ஸ்கிரீன்ல இருந்த பழைய கிராஃபைக் காட்டிக் கேட்டார்: "தம்பி, யாரும் தள்ளாமலே இது எப்படிப்பா ஏறுது?" என்கிட்ட பதில் இல்லை.

இந்தக் கேள்விக்கு நம்ம நாட்டுலயே நீண்ட வரலாறு இருக்கு. 628-ல் பிரம்மகுப்தரும், 1150-ல் 'சித்தாந்த சிரோமணி' எழுதிய இரண்டாம் பாஸ்கரரும் பாதரசம் நிரப்பிய ஆரங்கள் கொண்ட சக்கரத்தை விவரித்தார்கள். அது தானாகவே சுற்றும் என்பது எண்ணம். நிஜத்துல சுற்றாது, ஒரு பக்கம் கிடைக்கிற ஆற்றலை மறுபக்கம் திருப்பிக் கொடுத்தாகணும். ஆனா தப்பா எழுதின சிமுலேஷன்ல அந்தச் சக்கரம் ஜோரா சுற்றும்!

காரணம், 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் சொன்ன எளிய முறை. இப்போதைய வேகத்தை வைத்து அடுத்த இடம், இப்போதைய விசையை வைத்து அடுத்த வேகம். ஸ்பிரிங் வளைந்து திரும்புது, நம்ம கணக்கோ ஒவ்வொரு அடியிலும் நேர்கோட்டுல கொஞ்சம் வெளியே தள்ளிப் போகுது. ஒரு வினாடிக்கு ஒரு ஆட்டம், 0.01 வினாடிக்கு ஒரு அடின்னு வைங்க. ஒரே ஆட்டத்துல ஆற்றல் சுமார் 48 சதவீதம் கூடும். பத்து ஆட்டத்துல ஏறக்குறைய 51 மடங்கு.

ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான், 1964-ல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் 864 ஆர்கான் அணுக்களின் இயக்கத்தை கம்ப்யூட்டரில் கணக்கிட்டார். அடுத்த நிலையை முதலில் ஊகித்து, பிறகு திருத்தும் முறை அவருடையது. 1967-ல் பிரான்சின் லூ வெர்லேவும் அதே 864 அணுக்களை எடுத்தார், ஆனால் வேறு முறை: இப்போதைய இடம், முந்தைய இடம், விசை, இவ்வளவே போதும். 1907-லேயே நார்வேயின் ஸ்டோர்மர் துருவ ஒளியை ஆராயும்போது இந்த வழியைப் பயன்படுத்தியிருந்தார். இதுல அடி சின்னதா இருக்கிற வரைக்கும் ஆற்றல் கொஞ்சம் மேலே கீழே போகும், ஏறிக்கிட்டே போகாது.

அந்த அண்ணன் கேட்டதுக்கு அப்புறம் நான் செஞ்சதைச் சொல்றேன், உங்களுக்கும் உதவும். முதல்ல டேம்பிங், உராய்வு எல்லாத்தையும் பூஜ்ஜியமாக்குங்க. மொத்த ஆற்றலை ஒரு கிராஃபா போடுங்க. அடியைப் பாதியாக்கிப் பாருங்க. எனக்கு 48 சதவீதம் 22 ஆச்சு. அப்படிக் குறைஞ்சா தப்பு இயற்பியல்ல இல்லை, கணக்குப் போடுற முறையில. கடைசியா, முதல்ல வேகத்தைப் புதுப்பிச்சு, அந்தப் புது வேகத்தை வைத்தே இடத்தைக் கணக்கிடுங்க. என் கோட்ல இரண்டு வரியை இடம் மாத்தினேன், அவ்வளவுதான்.

நான் ஏத்தின டேம்பிங் நம்பர் நிஜ ஸ்பிரிங்குக்கு உரியதே இல்லை. என் தப்பை மறைக்க எவ்வளவு வேணுமோ, அவ்வளவு. அடியை மாத்தினா அந்த நம்பரும் மாறியிருக்கும். அதை நம்பி ரப்பர் பேடு ஆர்டர் போயிருந்தா, மெஷின் பக்கத்துல நின்னு வேலை பார்க்கப் போறது நான் இல்லை, அந்த அண்ணன்தான்.

ரிப்போர்ட்டைத் திரும்ப எழுதினேன். இப்போ எந்த சிமுலேஷன் வந்தாலும் முதல்ல அவர் கேள்வியைத்தான் கேட்கிறேன்: யாரும் தள்ளாமலே இது ஏறுதா?

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.