நூறு மடங்கு என்ற எல்லை பிறந்த கதை

கறம்பக்குடியில் ஒரு தென்னந்தோப்பு கைமாறினால், சர்வே எண், நான்கெல்லை, விஸ்தீரணம் எல்லாம் பத்திரத்தின் தபசிலில் ஒரே ஒருமுறைதான் முழுதாக எழுதப்படும். மற்ற இடங்களில் ‘தபசில் சொத்து’, ‘மேற்படி சொத்து’ என்று பத்திர எழுத்தர் சுருக்கிவிடுவார். படிப்பவர் அதைத் தம் மனதுக்குள் விரித்துக்கொள்வார். எத்தனை ‘மேற்படி’ வந்தாலும் மனிதருக்கு மூச்சு முட்டாது. கணினிக்கு முட்டும். சில வரிக் கோப்பு ஒன்று பெரிய சர்வரை முடக்கிப் போடும் தாக்குதலின் வேர் இந்தச் சுருக்கெழுத்துப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

அந்தத் தாக்குதலுக்கு இடம்கொடுத்த கோப்பு வகையின் கதையும் சட்ட ஆவணங்களில்தான் தொடங்குகிறது. வழக்கறிஞராக இருந்து ஐபிஎம் வேலைக்கு வந்தவர் சார்ல்ஸ் கோல்ட்ஃபார்ப். வழக்கறிஞர் அலுவலக ஆவணங்களைக் கணினியில் சேமித்து, தேடி, அச்சிட ஒரு வழி வேண்டும் என்று அவரும் எட்வர்ட் மோஷரும் ரேமண்ட் லோரியும் 1969இல் உழைத்தார்கள். அந்த உழைப்பில் பிறந்தது ஜிஎம்எல் என்ற குறிமொழி. அதன் வழியில் 1986இல் எஸ்ஜிஎம்எல் உலகத் தரமானது. அதை எளிமையாக்கி 1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் வந்தது. எஸ்ஜிஎம்எல்லிலிருந்து எக்ஸ்எம்எல்லுக்கு வந்த சொத்துகளில் ஒன்று ‘என்டிட்டி’. ஒரு நீண்ட வாசகத்துக்குக் கோப்பின் தலைப்பகுதியில் பெயர் வைத்துவிட்டால், பிறகு அந்தப் பெயரை எழுதினால் போதும். கோப்பைப் படிக்கும் நிரலான பார்சர் அந்த இடத்தில் முழு வாசகத்தையும் நிரப்பிக்கொள்ளும்.

விதியை எழுதியவர்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெயர் தன்னையே சுட்டினால் பார்சர் முடிவில்லாமல் சுற்றும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நேராகவோ சுற்றி வளைத்தோ ஒரு என்டிட்டி தன்னைச் சுட்டக்கூடாது என்று எக்ஸ்எம்எல் விதியிலேயே எழுதிவைத்தார்கள். ஆனால் ஒரு பெயருக்குள் பத்துப் பெயர்கள், அந்தப் பத்தில் ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னும் பத்து என்று அடுக்கினால்? அதில் சுற்றே இல்லை. விதி எங்கும் மீறப்படவில்லை. கணக்கு மட்டும் கைமீறிப் போகிறது.

2002 டிசம்பரில் பாதுகாப்பு ஆய்வாளர் அமித் கிளைன் இந்த வகைத் தாக்குதலைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தார். பல நிறுவனங்களின் எக்ஸ்எம்எல் பார்சர்கள் இதற்கு ஆளாகும் என்றார். பின்னர் பிரபலமான வடிவத்தில் அடியில் இருப்பது ‘எல்ஓஎல்’ என்ற மூன்றே எழுத்துகள், இணையத்தில் சிரிப்புக்கு எழுதுவது. அதன் மேல் ஒன்பது அடுக்கு, ஒவ்வொன்றும் கீழுள்ளதைப் பத்து முறை சுட்டும். கடைசிப் பெயரை விரித்தால் நூறு கோடி ‘எல்ஓஎல்’, அதாவது முந்நூறு கோடி எழுத்துகள். கோப்பின் அளவு ஒரு கேபிகூட இல்லை. அதைத் திறக்க ஏறக்குறைய மூன்று ஜிபி நினைவகம் வேண்டும். நூறு கோடிச் சிரிப்பு என்பதால் ‘பில்லியன் லாஃப்ஸ்’ என்ற பெயர் நிலைத்தது. அந்தச் சிரிப்பை அடுத்தடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தால், அதே சர்வரை நம்பிக் காத்திருக்கும் மற்ற எல்லோருக்கும் சேவை நின்றுபோகும். திருட்டு இல்லை, கடவுச்சொல் கசியவில்லை. வேலை நடக்காது, அவ்வளவுதான்.

ஜிப் கோப்பிலும் இதே வித்தை உண்டு. ‘42.ஜிப்’ என்ற பழைய கோப்பு 42 கேபி அளவுதான். ஜிப்புக்குள் ஜிப்பாக அடுக்கப்பட்ட அதை முழுதாகப் பிரித்தால் 4.5 பீட்டாபைட். இத்தகைய கோப்புகளின் முதல் இலக்கு, கோப்பைப் பிரித்துச் சோதிக்கும் வைரஸ் தடுப்பு நிரல்கள்.

சோதிப்பதற்காகத் திறப்பதே ஆபத்து என்பதுதான் இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்தும் இடம். ஆதாரின் ஆஃப்லைன் இ-கேஒய்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கறம்பக்குடியில் இருக்கும் ஒருவர் தம் விவரத்தை ஒரு ஜிப் கோப்பாக இறக்கி, பகிர்வுக் குறியீட்டோடு ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். ஜிப்புக்குள் எக்ஸ்எம்எல், அந்த எக்ஸ்எம்எல்லுக்குள் ஆதார் ஆணையத்தின் மின்கையொப்பம். கையொப்பத்தில் குறையில்லை. ஆனால் அதைச் சரிபார்க்க வேண்டுமானால் முதலில் ஜிப்பைப் பிரிக்க வேண்டும், பிறகு எக்ஸ்எம்எல்லைப் படிக்க வேண்டும். வந்திருப்பது உண்மையான ஆதார் கோப்பா, அதன் பெயரில் யாரோ அனுப்பிய வெடியா என்று தெரிவதற்கு முன்பே இரண்டு நிரல்கள் அதை நம்பி உழைத்து முடித்திருக்கும். கோப்பை வாங்கும் நிறுவனத்தின் நிரலாளர் இந்த இரண்டு படியிலும் எல்லை வைத்தாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தக் கோப்பில் என்டிட்டிக்கு வேலையே கிடையாது; பார்சரில் அந்த வசதியை அடியோடு அணைத்துவிடலாம், அணைக்கத்தான் வேண்டும்.

எங்கும் அணைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். புத்தகம் அச்சிடுபவர்களும் தொழில்நுட்பக் கையேடு எழுதுபவர்களும் என்டிட்டியை நேர்மையாகவே பயன்படுத்துகிறார்கள். சரி, இத்தனை முறைக்கு மேல் விரிக்காதே என்று ஓர் எண்ணை நிர்ணயிக்கலாமா? சிறிய எண்ணாக இருந்தால் பெரிய நல்ல கோப்பு சிக்கும். பெரிய எண்ணாக இருந்தால் சின்னக் கெட்ட கோப்பு தப்பும். பார்சர்களை எழுதியவர்கள் இந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் தடுமாறினார்கள்.

இதற்கிடையே 2019இல் குபர்நெட்டீஸ் அடிபட்டது. உலகின் பெரிய சர்வர் கூட்டங்களை மேய்க்கும் நிரல் அது. அங்கே எக்ஸ்எம்எல் இல்லை, யாமல் என்ற இன்னொரு கோப்பு வகை. முன்னால் எழுதியதைப் பின்னால் சுட்டும் வசதி யாமலிலும் உண்டு; பதினேழு ஆண்டு பழைய அடுக்கு அப்படியே அங்கேயும் வேலை செய்தது. அதற்குத் தீர்வு தேடியபோது, கோ என்ற நிரல்மொழியின் யாமல் நூலகத்தை எழுதியவர்கள் மொத்த எண்ணிக்கைக்குப் பதிலாக விகிதத்தைப் பார்த்தார்கள். பார்சர் செய்யும் வேலையில் எத்தனை பங்கு சுட்டியை விரிப்பதற்குப் போகிறது? சிறிய கோப்பில் 99 சதவீதம் வரை போகலாம். வேலை பெருகப் பெருக அந்த அனுமதி 10 சதவீதம் வரை சுருங்கும்.

பைத்தானும் ஃபயர்ஃபாக்ஸும் சார்ந்திருக்கும் எக்ஸ்பாட் என்ற எக்ஸ்எம்எல் பார்சருக்கு 2021 மே மாதம்தான் விடிவு வந்தது. 2.4.0 பதிப்பில் செபாஸ்டியன் பிப்பிங் சேர்த்த விதி இது: விரிந்து வந்தது 8 எம்பியைத் தாண்டிய பிறகு, அது உள்ளே வந்த அளவைப் போல் நூறு மடங்குக்கு மேல் போனால் அங்கேயே நிறுத்து. நூலாசிரியரின் பெரிய கோப்பு தடையில்லாமல் போகும். ஒரு கேபிச் சிரிப்போ மூன்று ஜிபியை எட்டாமல், 8 எம்பியைத் தாண்டியதுமே அடங்கும். 2002இல் கேட்ட எச்சரிக்கைக்கு, மிக அதிகமாகப் பயன்படும் பார்சர்களில் ஒன்று இப்படி முழு விடை சொல்ல ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. எளிமையான விடைதான். என் கணக்கில் இந்தத் துறையின் அழகான விதிகளில் ஒன்று.

ஆனால் விகிதத்துக்கும் பிடிபடாத ஒன்று, ஜாவா நிரல்மொழியில் பொருள்களைப் பைட்டுகளாகச் சேமித்து மீண்டும் திறக்கும் வசதியில் இருக்கிறது. வௌட்டர் கோகார்ட்ஸ் காட்டிய உதாரணத்தை ஜோஷுவா பிளாக் தம் ‘எஃபெக்டிவ் ஜாவா’ மூன்றாம் பதிப்பில் எடுத்தாள்கிறார். ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த, ஹாஷ்செட் என்னும் 201 தொகுப்புகள், மொத்தம் 5,744 பைட். திறந்தால் நினைவகம் வீங்காது, எதுவும் பெருகாது. ஆனால் ஒவ்வொரு செட்டையும் கட்ட அதற்குள் இருப்பவற்றின் ஹாஷை, அதாவது அடையாள எண்ணை, கணக்கிட வேண்டும். அடுக்குக்கு அடுக்கு அந்த வேலை இரட்டித்து, இரண்டின் நூறாவது அடுக்கைத் தாண்டிவிடும். சூரியன் அணைந்தாலும் அது முடியாது. அளவை அளந்து பயனில்லாத இடத்தில் ஆழத்தை அளக்க வேண்டும். 2017இல் வந்த ஜாவா 9 அதற்கு ஒரு வடிகட்டியைக் கொடுத்தது. எத்தனை அடுக்கு, எத்தனை பொருள், எத்தனை பைட், எவ்வளவு பெரிய வரிசை என்று நாலுக்கும் எல்லை சொல்லலாம். ஆனால் நிரலாளர் எண்ணைக் கொடுத்தால்தான் அந்த எல்லைகள் வேலை செய்யும்.

ஜிஎஸ்டி கணக்கை ஏற்றும் ஜேசன் கோப்பு வகையில் சுட்டியே கிடையாது. அங்கேயும் ஆபத்து ஆழத்தில்தான், மூடாமல் திறந்துகொண்டே போகும் அடைப்புக்குறிகளில் இருக்கிறது. ஜாவா உலகத்தில் ஜேசனைப் படிக்கும் ஜாக்சன் நூலகம் 2023இல் வந்த 2.15 பதிப்பில் ஆயிரம் அடுக்கோடு நிறுத்திக்கொள்ளத் தொடங்கியது. அதற்கு யாரும் எதையும் எழுதிக் கேட்க வேண்டியதில்லை.