சாத்தானும் நம் சாமிகளும்

தோழர்களே, எபிரேய மொழியில் சாத்தான் என்றால் எதிராளி, குற்றஞ்சாட்டுபவன். யோபு நூலில் அவன் கடவுளின் அவைக்கே வந்து நிற்கிறான். தீமைக்கெல்லாம் தலைவனாக அவன் ஆனது பிற்காலத்தில்தான்.

கடல் கடந்து வந்த மிஷனரிகள் நம் சாமிகளையும் அவன் கூட்டத்தில் சேர்த்தார்கள். 1849இல் கால்டுவெல், திருநெல்வேலி நாடார்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே எழுதினார். ஆனால் அந்தச் சாமிகளில் பலர் கொலையுண்டவர்கள். ஆரியமாலையை விரும்பியதற்காகக் காத்தவராயன் கழுவேற்றப்பட்டதாக நம் கதைப்பாடல் சொல்கிறது. மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான். செத்தவனைப் பேய் என்றால் கொன்றவன் தப்பிவிடுகிறான்.

திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்துச் சுவர் எழுப்பியதும் மனிதர்களே. மணமேல்குடியில் கூடியுள்ள நாம் தீமையின் பிறப்பிடத்தைச் சாதியில்தான் தேட வேண்டும்.