இயங்குநிலைப் பதிலி

இயங்குநிலைப் பதிலி (நிரலர் பேச்சில் டைனமிக் பிராக்ஸி): பொருள்நோக்கு நிரலாக்கத்தில், ஓர் ஆப்ஜெக்டுக்குப் போகும் மெத்தட் அழைப்புகளை முன்னின்று வாங்கி அதனிடம் ஒப்படைக்கும் இடையாள். இதற்கென யாரும் தனி கிளாஸ் எழுதுவதில்லை. நிரல் ஓடும்போதே அது உருவாகிறது.

தொடக்கம் ஸ்மால்டாக்-80 மொழியில் எனக் கொள்வர். அதில் தனக்குப் புரியாத செய்தி வந்தால் ஆப்ஜெக்ட் 'டஸ் நாட் அண்டர்ஸ்டேண்ட்' என்ற மெத்தடை நாடும். அதை மாற்றி எழுதினால் செய்தியை வேறிடம் திருப்பலாம். 1986இல் ஊப்ஸ்லா மாநாட்டில் ஜெஃப்ரி பாஸ்கோ ஆப்ஜெக்டைச் சுற்றி உறையிடும் 'என்கேப்சுலேட்டர்' முறையை விளக்கினார். அதே மாநாட்டில் ஹென்றி லீபர்மன் 'டெலிகேஷன்' பற்றிக் கட்டுரை படித்தார். அப்ஜெக்டிவ்-சி மொழியிலும் இத்தகைய வசதி இருந்தது.

2000 மே மாதம் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜாவா 1.3 பதிப்பில் 'பிராக்ஸி' கிளாஸ் இடம்பெற்றது. கிளாஸ் லோடர், இன்டர்ஃபேஸ்களின் பட்டியல், ஹேண்ட்லர் ஆகிய மூன்றையும் கொடுத்தால் பதிலி கிடைக்கும். இன்டர்ஃபேஸின் எந்த மெத்தடை அழைத்தாலும் அது ஹேண்ட்லரின் 'இன்வோக்' என்ற ஒரே வாசலுக்கு வரும். பதிலி, மெத்தட், மதிப்புகள் மூன்றும் அங்கே கைக்குக் கிடைக்கும். எந்தக் கோப்பிலும் எழுதப்படாத இந்த கிளாஸ்களுக்கு ஜாவா $பிராக்ஸி0, $பிராக்ஸி1 என வரிசையாகப் பெயரிடும். பிழைச் செய்தியில் முதன்முறை அப்பெயரைக் கண்டு, அந்தக் கோப்பைத் தேடி அலையாத நிரலர் குறைவு.

எல்லா ஜாவா ஆப்ஜெக்டுகளுக்கும் பொதுவான 'டு ஸ்ட்ரிங்', 'ஈக்வல்ஸ்', 'ஹாஷ் கோட்' மூன்றும்கூட ஹேண்ட்லருக்கே வரும். ஆகவே, சரிபார்ப்பதற்காக 'இன்வோக்' உள்ளேயே பதிலியை அச்சிட்டால், 'டு ஸ்ட்ரிங்' வழியே அது தன்னையே திரும்பத் திரும்ப அழைத்து, ஸ்டாக் நிரம்பி நிரல் விழும். ஜாவாவின் 'பிராக்ஸி' இன்டர்ஃபேஸ்களுக்கு மட்டுமே பதிலி தரும். அக்குறையை நீக்க வந்த சிஜிலிப் என்ற நிரலகம் துணை கிளாஸை உண்டாக்கும். ஆனால் 'ஃபைனல்' கிளாஸிடம் அதுவும் தோற்கும். ஸ்பிரிங் கட்டமைப்பு, பரிவர்த்தனை மேலாண்மைக்கு இரண்டையும் பயன்படுத்தியது. அதில் ஒரு மெத்தட் தன் ஆப்ஜெக்டின் இன்னொரு மெத்தடை நேராக அழைத்தால், அவ்வழைப்பு பதிலியைத் தொடாமலே போய்விடும், பரிவர்த்தனை தொடங்காது.

பதிலி இவ்வாறு வேலையை ஒப்படைப்பதை 'டெலிகேஷன்' என அழைப்பதில்தான் பெயர்ச் சிக்கல். லீபர்மன் கருதிய டெலிகேஷனில், வேலையை ஏற்ற ஆப்ஜெக்ட் 'செல்ஃப்' என்று சொல்வது முதலில் செய்தி பெற்றதையே குறிக்கும். உள்ளழைப்பும் அதனிடமே திரும்பும். ஜாவாவில் அப்படி இல்லை. எனவே இதை 'ஃபார்வர்டிங்' என்பதே சரி என்பர் ஒரு சாரார். வழக்கில் 'டெலிகேஷன்' நிலைத்துவிட்டது என்பர் மற்றவர்.

ஜாவாஸ்கிரிப்ட் 2015இல் 'பிராக்ஸி'யைச் சேர்த்தது. 2021இல் வந்த ஜாவா 16, இன்டர்ஃபேஸின் டிஃபால்ட் மெத்தடை ஹேண்ட்லரிலிருந்து அழைக்கத் தனி மெத்தட் தந்தது.