எஸ்க்யூஎல் சாட்டர்டே

தரவுத்தளத் துறையினர் தம் சக தொழிலாளருக்குச் சம்பளம் வாங்காமல் பாடம் நடத்தும் ஒருநாள் பயிற்சி நிகழ்வு. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளை மையமாகக் கொண்டது. ஆண்டி வாரன், ஸ்டீவ் ஜோன்ஸ், பிரையன் நைட் ஆகியோர் தொடங்கிய இதன் முதல் நிகழ்வு 2007 நவம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள ஒர்லாண்டோ நகரில் நடந்தது.

பெரிய மாநாடுகளுக்குப் பணம் கட்டிப் போக எல்லாராலும் முடிவதில்லை. இங்கே அனுமதி இலவசம்; மதிய உணவுக்கு மட்டும் சில ஊர்களில் சிறு தொகை வாங்குவார்கள். சனிக்கிழமை என்பதால் விடுப்பும் வேண்டாம். இடம், அச்சு, பரிசுச் செலவை விளம்பரதாரர்கள் ஏற்கிறார்கள். பேச்சாளர்கள் பெரும்பாலும் கைக்காசில்தான் பயணம் செய்கிறார்கள்.

வகுப்பு சுமார் ஒரு மணி நேரம். எடுத்துக்காட்டாக, தரவைத் தேடித்தரும் கட்டளையான வினவல் ஒன்று மெதுவாக ஓடுவதைப் பேச்சாளர் திரையில் இயக்கிக் காட்டுவார். சர்வர் அட்டவணை முழுவதையும் படிப்பது, வினவல் எப்படி இயங்குகிறது என்று காட்டும் செயல்திட்டத்தில் தெரியும். தேடலை விரைவாக்கும் பொருத்தமான இண்டெக்ஸ் ஒன்றைச் சேர்த்து மறுபடி இயக்கினால், தரவின் சில பக்கங்களைப் படித்ததுமே விடை வந்துவிடும். புத்தகத்தில் பலமுறை படித்தும் பிடிபடாதது இப்படிக் கண்ணெதிரே பார்த்ததும் மனத்தில் பதிகிறது. முதன்முறை மேடையேறுவோருக்கும் இடம் தருவதே இந்நிகழ்வின் தலையாய சிறப்பு. கேட்க வந்தவரே பிறகு ஆசிரியராகிறார்.

2010இல் பாஸ் என்ற தொழில்முறைச் சங்கம் இதன் பொறுப்பை ஏற்றது. அச்சங்கம் 2021 ஜனவரியில் மூடப்பட்டதும் அதன் சொத்துகளை ரெட்கேட் நிறுவனம் வாங்கியது. எஸ்க்யூஎல் சாட்டர்டே இப்போது தனி இலாப நோக்கற்ற அமைப்பின்கீழ் நடைபெறுகிறது.