வெப் டெவலப்பர் ஆகப்போகும் தம்பி தங்கைகளுக்கு: எல்லையோரத்திலிருந்து ஒரு வரலாறு

காலையில் ஓசூர் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். அத்திப்பள்ளி வழியாக எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் பஸ்ஸில் கழுத்தில் அடையாள அட்டையோடு மென்பொருள் ஊழியர் ஏறுவார். அங்கே பெருக்கித் துடைக்கும் வேலைக்குப் போகும் அக்காவும் ஏறுவார். பஸ் ஒன்று, எல்லை ஒன்று, வேலை வேறு. "அண்ணா, வெப் டெவலப்பர் ஆகணும், எங்கிருந்து தொடங்கறது?" என்று கேட்கும் மாணவர்களிடம் நான் இந்தக் காட்சியிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறேன்.

நம் மண்ணுக்கு நவீனத் தொழில்நுட்பம் இன்று வந்ததல்ல. கிருஷ்ணகிரிக்கு வடக்கே, எல்லை தாண்டியதும் கோலார் தங்கவயல். சிவசமுத்திரத்திலிருந்து 1902இலேயே அங்கே மின்சாரம் வந்துவிட்டது. பெங்களூரு நகரத் தெருக்களுக்கு அது வந்தது 1905இல்தான். அந்த மின்சாரத்தில் ஓடிய சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலான பகுதிகளிலிருந்து போன தலித் மக்கள். தொழில்நுட்பம் முதலில் வந்த இடத்தில் நாம்தான் இருந்தோம், ஆனால் பூமிக்கு அடியில். தங்கம் லண்டன் கம்பெனிக்குப் போனது, நுரையீரல் நோய் நம்மவர்களுக்கு மிஞ்சியது. 2001இல் சுரங்கமும் மூடப்பட்டது.

ஆனால் அதே தங்கவயலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். ஓராண்டில் அது 'தமிழன்' ஆனது. அவர் 1914இல் மறைந்த பிறகு, அந்த இதழ் பின்னாளில் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களை அச்சிட்டது. சுரங்கத் தொழிலாளர்களின் ஊர் பதிப்பகம் நடத்தியது! பிறருடைய இயந்திரத்துக்குக் கூலியாக இருப்பது ஒன்று, அச்சு இயந்திரத்தை நம் கையில் வைத்திருப்பது வேறொன்று. இதை அவர்கள் அன்றே புரிந்துகொண்டார்கள்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1978இல் கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கரில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கியது. 1980களில் ஓசூர் சிப்காட்டில் லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரத் தொழிற்சாலைகள் வந்தன. 1993 ஏப்ரல் 30 அன்று, வைய விரிவு வலையின் மென்பொருளை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று ஐரோப்பாவின் செர்ன் ஆய்வு மையம் அறிவித்தது. இராயப்பேட்டை அச்சகத்துக்குப் பிறகு நம் கைக்கு எட்டிய அடுத்த அச்சு இயந்திரம் இதுதான்.

எட்டியது தானாக அல்ல. பொறியியல் நுழைவுத்தேர்வு ஒழிந்தது 2007இல். அருந்ததியர் 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009இல் வந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010இலும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி 2011இலும் வந்தன. உங்கள் வீட்டில் அந்த மடிக்கணினி இருந்தால், அது யாரும் போட்ட பிச்சை அல்ல, சமூகநீதி அரசியலின் விளைச்சல்.

"ஐ.டி.யில் சாதி இல்லை, திறமை மட்டும்தான்" என்பார்கள். சம தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயர் மட்டும் மாற்றி தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிய சுகதேவ் தோராட், பால் அட்டவெல் ஆய்வு 2007இல் வெளிவந்தது. தலித் பெயர்களுக்கு வந்த அழைப்புகள் குறைவு. 2020இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில அரசுத் துறை, தலித் பொறியாளர் ஒருவருக்குச் சாதிப் பாகுபாடு நடந்ததாகச் சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அதில் சேர்க்கப்பட்ட இரு தனிநபர்கள் மீதான வழக்கு 2023இல் திரும்பப் பெறப்பட்டாலும், சிலிக்கான் பள்ளத்தாக்கிலும் சாதி பேசுபொருளாகிவிட்டது. தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லாதவரை இந்தச் சுவர் நிற்கும். அதை இடிப்பது தனி ஆளின் வேலை அல்ல, இயக்கத்தின் வேலை.

சரி, எங்கிருந்து தொடங்குவது? எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட், இந்த வரிசையில். மூன்றையும் காசில்லாமல் படிக்கலாம். "வேலை உறுதி" என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் பணமும் கொடுக்காதீர்கள், அசல் சான்றிதழும் கொடுக்காதீர்கள். பிரவுசரில் எந்தத் தளத்தையும் திறந்து அதன் மூலநிரலைப் பார்க்கலாம். அங்கே "நீ யார் வீட்டுப் பிள்ளை" என்று கேட்க ஆளில்லை. தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள். கிட்ஹப்பில் இலவசமாக வெளியிடுங்கள். நேர்காணலில் நம்மைப் பற்றிப் பேச நம் வேலையே சாட்சியாக இருக்கட்டும்.

முதல் தளம் எதைப் பற்றி என்று யோசிக்கிறீர்களா? உங்கள் ஊர் அம்பேத்கர் மன்றத்துக்கு, இரவுப் பள்ளிக்கு, சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளர்களின் கூலிக் கணக்குக்கு ஒன்று செய்யுங்கள். உங்களுக்கு வேலை கிடைத்ததும், அதே பஸ்ஸில் வரும் அந்த அக்காவின் மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தங்கவயல்காரர்கள் அச்சுக் கோத்தது தங்கள் பிழைப்புக்காக மட்டுமல்ல.

ஜெய்பீம்.