செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு

காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யின் பயனை அளந்த மாபெரும் கள ஆய்வு, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் 1968இல் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் துணையோடு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போடப்பட்டது. ஒரு பகுதியினருக்குத் தடுப்பூசி, மற்றவர்களுக்கு மருந்தற்ற போலி ஊசி.

பதினைந்து ஆண்டுகள் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் கொண்டு அவர்கள் கண்காணிக்கப்பட்டனர். பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை. சிறுவர்களிடம் பாதுகாப்பு குறைவாகவே தெரிந்தது. எனினும் குழந்தைகளை காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கடுங்காசநோயிலிருந்து அது காப்பது பிற ஆய்வுகளால் உறுதியானதால், பிறந்தவுடன் பி.சி.ஜி. போடுவது தொடர்கிறது. நுரையீரல் காசநோய்க்கு விரைவான நோயறிதலும் முழுமையான சிகிச்சையுமே முதன்மை அரண்.