சாய்வெழுத்தும் சாய்த்த எழுத்தும்

1501ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூஷியஸ், வெர்ஜில் மகாகவியின் நூல்களைக் கையடக்கப் பதிப்பாக வெளியிட்டபோது, பிரான்செஸ்கோ கிரிஃபோ என்பார் அதற்கென வெட்டிக் கொடுத்த அச்செழுத்தே, பிற்காலத்தில் இத்தாலிக் என்னும் நாமம் பெற்ற எழுத்து வகைக்கு ஆதியாயிற்று. அது நேரெழுத்தைப் பிடித்துச் சாய்த்ததால் உண்டானதன்று. இத்தாலியக் கல்விமான்கள் விரைந்தெழுதிய கையெழுத்திலிருந்து கிளைத்த தனி வமிசம். அவ்வச்சில் பெரிய எழுத்துக்கள் நேராகவே நின்றன என்பதொன்றே, சாய்வு அதன் பிராணன் அன்று என்பதற்குப் போதிய சான்றாகும். இன்றும் நல்ல இத்தாலிக் எழுத்துருவில் சிற்றெழுத்து 'ஏ' தன் மேல்மாடத்தை இழந்து ஒற்றை வளைவாகும். 'எஃப்' அடிக்கோட்டைக் கடந்து கீழிறங்கும்.

இவ்வேற்றுமையை இணையப் பக்கங்களின் நடைத்தாள் மொழியாகிய சிஎஸ்எஸ், 1996இல் வெளிவந்த தன் முதல் நிலையிலேயே அங்கீகரித்து, நார்மல், இத்தாலிக், ஒப்ளீக் என மூன்று மதிப்புக்களை வகுத்தது. இவற்றுள் ஒப்ளீக் என்பது நேரெழுத்தின் வடிவத்தை மாற்றாமல் சாய்த்தது. ஆயினும் நாமே எழுத்துருக் கோப்புக்களைத் தருவித்துப் பயன்படுத்தும்போது நேரும் குழப்பங்களுக்கெல்லாம் மூலகாரணம், 'ஃபாண்ட்-ஸ்டைல்' என்னும் ஒரே சொற்றொடர் இரண்டு இடங்களில் இரண்டு விதமான அதிகாரத்தோடு வருவதை நாம் கவனியாமையே என்பது என் துணிபு. பத்திக்கோ சொல்லுக்கோ உரிய விதியில் அது ஒரு வேண்டுகோள். 'ஃபாண்ட்-ஃபேஸ்' விதிக்குள் வரும்போதோ, இந்தக் கோப்பு இன்ன தன்மையது என்று நாம் அளிக்கும் வாக்குமூலம். உலாவி அவ்வாக்குமூலத்தையே நம்பும். கோப்பினுள் எழுத்துருவாக்குநர் பொறித்துள்ள குறிப்பைப் பொருட்படுத்தாது.

வாக்குமூலம் பிழைத்தால் விளைவது யாது? இத்தாலிக் கோப்புக்கு வேறொரு குடும்பப் பெயர் சூட்டி, அதன் நடையைச் சொல்லாமல் விட்டுவிடுவோர் பலர். சொல்லாவிடில் நார்மல் என்றே கொள்ளப்படும். பிறகு, இயல்பாகவே இத்தாலிக் வேண்டிநிற்கும் அழுத்தக் குறியினுள் அப்பெயர் வந்தால், உலாவி அக்குடும்பத்தில் இத்தாலிக் இல்லையென்று முடிவுகட்டி, ஏற்கெனவே சாய்ந்திருக்கும் எழுத்தைத் தன் கணிதத்தால் மேலும் சாய்த்துவிடும். ஒரே பெயரின்கீழ் இரு கோப்புக்களையும் வைத்து இரண்டையும் நார்மல் என்று விடுவதோ இன்னும் விபரீதம்: பின்வந்தது முன்வந்ததை மறைக்க, பக்கம் முழுதும் இத்தாலிக் ஆகிவிடும். ஒரே குடும்பப் பெயரின்கீழ், நேர், சாய்வு, தடிப்பு, தடித்த சாய்வு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி விதி அமைத்து, ஒவ்வொன்றின் நடையையும் கனத்தையும் உள்ளபடி உரைப்பதே முறை.

நேரெழுத்தைச் சாய்ப்பதே உத்தமம் என்று வாதித்தவர்களும் உண்டு. 1926இல் அச்செழுத்துக்கலை அறிஞர் ஸ்டான்லி மாரிசன் அவ்விதம் எழுதினார். ஆயினும் அவர் கருதியது கலைஞன் கண்ணால் திருத்தி வரையும் சாய்வையே அன்றி, ஒவ்வொரு புள்ளியையும் ஒரே விகிதத்தில் பக்கவாட்டில் தள்ளும் யந்திரச் சாய்வை அன்று.

கனம், சாய்வு முதலியவற்றை ஒரே கோப்புக்குள் வேண்டிய அளவு மாற்றவல்ல மாறியல் எழுத்துருக்களில் ஒரு விசித்திரமும் உண்டு. சிஎஸ்எஸ் நான்காம் நிலையில் ஒப்ளீக் என்றால், கோணம் கூறாவிடில், வலப்புறம் 14 பாகை. அங்கே வலச்சாய்வு நேர்குறி. எழுத்துருவின் உள்ளிருக்கும் சாய்வு அச்சிலோ அதே சாய்வு எதிர்க்குறி. மைனஸ் 10 வரை செல்லும் கோப்பை, ஒப்ளீக் 0 பாகை முதல் 10 பாகை வரை என்றே அறிவிக்கவேண்டும்.

தமிழுக்கு இவ்விஷயம் அந்நியமன்று. நம் எழுத்துருக்களிற் பெரும்பாலானவற்றுக்குச் சாய்வுக் கோப்பே இல்லை. நோட்டோ செரிஃப் தமிழ் போன்று தனியே சாய்வு வடிவம் பெற்றவை அருமை. இல்லாதவிடத்து உலாவி தானே சாய்க்கும்போது, 'ண'வின் சுழிகள் நசுங்கிக் கோடுகளின் கனம் இடத்துக்கிடம் வேறுபடுகிறது. 'க', 'ட' முதலியவற்றின் நிமிர்ந்த கோடுகள் விழப்போகும் கம்பங்கள் போல் ஆகின்றன. ஆதலால், தமிழ் மொழிக்குரிய பகுதிகளுக்கு 'ஃபாண்ட்-சிந்தசிஸ்-ஸ்டைல்' என்பதை 'நன்' என்று வைத்துச் செயற்கைச் சாய்வைத் தடுப்பதும், நூற்பெயர்களுக்கு நம் அச்சுலகில் நெடுங்காலமாக வழங்கிவரும் மேற்கோட்குறியையோ தடித்த எழுத்தையோ கைக்கொள்வதும், சாய்வே வேண்டுமெனில் அதற்கென வரையப்பட்ட கோப்பை முறைப்படி அறிவித்துப் பெறுவதும் தகும்.